'ஷோ' என்றால் சிவப்பு: ஒரு ஸ்பானிய மொழிச் செயலியுடன் நெடுநாள் பழக்கம்

நான் பயன்படுத்தும் ஸ்பானிய மொழிச் செயலியின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். வேலைக்காக மாட்ரிட் செல்லவிருக்கும் நண்பர், "வாங்கலாமா?" என்று கேட்கிறார். நான் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் இருந்துகொண்டு அதனுடன் மல்லுக்கட்டுகிறவன். பாடத்திட்டம், வசதிகள் எல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஓர் எழுத்தைப் பற்றி.

எல் எழுத்து இரண்டு சேர்ந்து வருமே, அதுதான். மெக்சிகோவில் கோழிக்கறி 'போயோ', இங்கே 'போஷோ'. தெரு 'காஷே', மழை 'ஷுவியா'. ஒய் எழுத்துக்கும் இதே கதி: 'நான்' என்பதற்கு ஊரே 'ஷோ' என்கிறது. முதியவர்கள் சிலர் பிரெஞ்சு 'ஜெ' போலச் சற்று அதிர்வோடு ஒலிப்பார்கள். இளையவர்கள் வாயில் சுத்தமான 'ஷ'. காய்கறிக் கடையில் 'செபோஷா' என்றால் கடைக்காரர் வெங்காயத்தை அள்ளித் தராசில் போடுகிறார். வீட்டுக்கு வந்து செயலியிடம் அதையே சொன்னால் சிவப்பு. மறுபடியும் சிவப்பு. 'செபோயா' என்று வாயைக் கோணிக்கொண்டால்தான் பச்சை.

அமைப்புகளில் இரண்டே தேர்வுகள்: ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கா. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை ஒரே வாய் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? பராகுவேயில் இதே எழுத்தைப் பழைய முறைப்படி 'ல்ய' என்று ஒலிப்பவர்கள் உண்டு. கியூபாவில் சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் வெறும் காற்று. புகார் எழுதினேன். பொதுவான ஸ்பானிய மொழியைத்தான் கற்பிப்பதாகப் பதில் வந்தது. அதை எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

எழுத்தின் பெயரிலும் இதே வம்பு. பி, வி இரண்டுக்கும் ஸ்பானிய மொழியில் ஒரே ஒலி. ஆகவே, தொலைபேசியில் பெயரை எழுத்துக்கூட்டும்போது 'பே லார்கா', 'வே கோர்த்தா' என்று, அதாவது நீள பே, குட்டை வே என்று, பிரித்துச் சொல்வது இவ்வூர் வழக்கம். செயலி கற்றுத்தந்ததோ ஸ்பெயினின் 'ஊவே'. 2010-இல் மொழிக் கழகங்கள் வி-க்கு ஊவே, ஒய்-க்கு யே என்று ஒற்றைப் பெயர்களைப் பரிந்துரைத்தது உண்மைதான். வங்கி ஊழியரிடம் அதையெல்லாம் விளக்க முடியுமா?

கோபத்தில் நல்லதை மறைக்கக் கூடாது. கேட்டல் பயிற்சி அருமை; வினைச்சொல் மாற்றங்களை இதைவிடப் பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லை. எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. 'நாதா' என்ற சொல்லில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் 'த' மென்மையாக ஒலிக்க வேண்டும் என்று ஒரு பாடம் முழுக்கப் போராடுகிறார்கள். 'அது', 'இது' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அது தானாக வருகிறது. முதல் முயற்சியிலேயே முழு மதிப்பெண்!

மாட்ரிட் செல்கிறவருக்கு இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை. இஸட் எழுத்தை நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும் அந்த ஊர் முறையைச் செயலி துல்லியமாகவே பழக்குகிறது. பாதி விலைக்கு இது லாபம். ஆனாலும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. இன்று காலைகூட 'ஷோ' என்றேன், சிவப்பு. வேண்டாம், வேறு ஏதாவது பாருங்கள் என்றே அவருக்கு எழுதப்போகிறேன்.