உயிர்த்தெழுதல்: உடலோடா, நம்பிக்கையிலா?

இயேசு உடலோடு எழுந்தாரா, இல்லை சீடர்களின் நம்பிக்கையில் எழுந்தாரா? நடுவில் நின்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வசனம்
உடலோடு: லூக்கா நற்செய்தி 24-ம் அதிகாரத்தில், மிரண்டுபோன சீடர்களிடம் இயேசு சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். பொரித்த மீன் துண்டை வாங்கி, அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். ஆவி மீன் சாப்பிடாது.
நம்பிக்கையில்: அதே அதிகாரத்தில், எம்மாவு வழியில் கூடவே நடந்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது.

வரலாறு
முதலாவதற்குக் காலிக் கல்லறை அவசியம். இரண்டாவதற்கு இல்லை; ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன், கிறிஸ்து பிரசங்கத்தில் எழுகிறார் என்றார்.

சரி, பவுல்? 1 கொரிந்தியர் 15-ல், கிறிஸ்து எழவில்லையென்றால் விசுவாசம் வீண் என்கிறார். அப்புறம் அங்கேயே, எழுவது ‘ஆவிக்குரிய சரீரம்’ என்கிறார். விதைத்த மணியும் முளைத்த பயிரும் மாதிரி: பார்க்க வேறு, ஆனாலும் அதுவேதான்.

பிரியமானவரை அடக்கம் செய்துவிட்டு நிற்பவரை முதல் பார்வைதான் தாங்கும். அறிவியலோடு மல்லுக்கட்டி, விசுவாசத்தையே விட்டுவிடப் பார்ப்பவருக்கு இரண்டாவது ஒரு வாசல். நான் முதலாவதில்தான் நிற்கிறேன். அந்த மீன் துண்டைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.