கொம்புச்சா கிட்: புதுச்சேரி வெயிலுக்கு ஏற்ற மாற்றங்கள்

கொம்புச்சா என்னும் புளித்த தேநீரை வீட்டிலேயே தயாரிப்பதற்காக விற்கப்படும் கிட்டை, லாசுப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். கண்ணாடி ஜாடி, ஸ்கோபி எனப்படும் நுண்ணுயிர்ப் படலம், அது ஊறிய புளித்த நீர், சிறிது தேயிலை, மூடுதுணி ஆகியவை அதில் இருந்தன. பொருட்களில் குறையில்லை. ஆனால் உடன் வந்த குறிப்புத்தாளை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் கிடைப்பது சுவை மெலிந்த, வெறும் புளிப்பு நீர்தான். தேயிலையைக் கூட்டி, நாட்களைக் குறைத்து, பாட்டிலில் இஞ்சியோ நன்னாரியோ சேர்த்தால் அதே கிட்டில் அருமையான பானம் தயாராகிறது.

முதலில் நாள் கணக்கு. தாளில் 10 முதல் 14 நாட்கள் என்றிருக்கும். அது 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறைக்கான கணக்கு. இங்கே சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்க, பாக்டீரியா அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்குகிறது. வெப்பம் ஏறினால் இரண்டு வேலைகளும் வேகமாக முடிந்து, ஒரு வாரத்திலேயே வினிகர் நெடி அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கோடையில் நான்காம் நாளிலிருந்தே தினமும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்து, இனிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே ஜாடியிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிவிடுகிறேன். மார்கழியில் இன்னும் சில நாட்கள் கூடுதலாகப் பிடிக்கும்.

அடுத்தது தேயிலை. லிட்டருக்கு 5 கிராம் என்ற அளவை 8 கிராமாக்கிய பிறகுதான் பானத்துக்குக் கனம் வந்தது. டஸ்ட் தூளைவிட நீலகிரி இலைத் தேயிலையே நல்லது. தூள் துவர்ப்பைக் கூட்டிவிடுகிறது. சர்க்கரை லிட்டருக்கு 70 கிராம். உடம்புக்கு நல்லது என்று நாட்டுச் சர்க்கரையைப் போடச் சொல்பவர்கள் உண்டு. ஜாடியில் நடக்கும் முதல் புளிப்புக்கு வெள்ளைச் சர்க்கரையே சரி என்பது என் உறுதியான கருத்து. கருப்பட்டி மணம் வேண்டுமானால் அதைப் பாட்டிலில் சேர்த்துக்கொள்ளலாம். கடலோரப் பகுதிகளின் போர் நீரில் உப்புக் கரிப்பு இருப்பதால், கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்தே தேநீர் போடுகிறேன்.

உண்மையான சுவை பாட்டிலில்தான் பிறக்கிறது. அரை லிட்டருக்கு 10 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் துருவிப் போட்டு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, கோடையில் ஒன்றரை நாள் வெளியில் வைத்துப் பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால், திறக்கும்போது ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறி, இஞ்சித் துருவல்கள் நுரையோடு சுழன்று மேலேறும். பெரிய மார்க்கெட்டில் மா இஞ்சி வரும் நாட்களில் நான் வேறெதையும் சேர்ப்பதில்லை. பச்சை மாங்காய் மணமும் தேநீரின் துவர்ப்பும் அவ்வளவு பொருத்தமாகச் சேர்கின்றன. நன்னாரிக்கு சர்பத் வேண்டாம், அதில் இனிப்பு அதிகம். காய்ந்த வேரை நசுக்கிக் கொதிக்கவைத்து, ஆறிய சாறு இரண்டு மேசைக்கரண்டி போதும். பாட்டில் கனமான கண்ணாடியாக இருக்க வேண்டும். சாதாரண பாட்டில் அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும்.

பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களையும் பழைய ஊறுகாய்ச் சாடிகளையும் தவிர்க்க வேண்டும். அமிலம் உலோகத்தை அரிக்கும், சாடிகளின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். மூடுதுணி நெருக்கமான நெசவாக இல்லாவிட்டால் பழ ஈ புகுந்துவிடும். படலத்தின் மேல் பஞ்சு போலப் பூஞ்சை தெரிந்தால் ஜாடியிலுள்ளது முழுவதையும் கொட்டிவிட வேண்டும். சிறிதளவு சாராயமும் உயிருள்ள நுண்ணுயிர்களும் இதில் இருப்பதால், கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் குடிக்காமலிருப்பதே நல்லது.

கிட்டை ஒருமுறை வாங்கினால் போதும். ஒவ்வொரு முறையும் புதிய படலம் உருவாவதால், அக்கம்பக்கத்தாருக்கும் பிரித்துக் கொடுக்க முடிகிறது. அப்படி வாங்கிச் செல்பவர்கள், லிட்டருக்கு 100 மில்லி பழைய புளித்த நீரையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். அந்தப் புளிப்புதான் தொடக்க நாட்களில் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறது.