ஸ்லீப்பிலிருந்து எழுந்த ஹார்ட் டிஸ்குக்கு ‘ஹெட் போச்சு’ என்று 8,000 ரூபாய் பில்

லேப்டாப்பை ஸ்லீப்பிலிருந்து எழுப்பியதும் எக்ஸ்டெர்னல் டிஸ்க் காணாமல் போகும். அல்லது டிரைவ் தெரியும், ஃபோல்டரைத் திறந்தால் ‘ஐ/ஓ எர்ரர்’ வரும். இந்தக் கோளாறோடு போன கல்யாண வீடியோகிராபர் ஒருவரிடம் கடைக்காரர் சொன்னது: “ஹெட் போயிடுச்சு சார், ரெக்கவரிதான்.” ஹெட் என்பது டிஸ்கினுள் சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை. பணம் கட்டி வாங்கிய டிஸ்கில் கோப்புப் பெயர்கள் எல்லாம் வெறும் எண்கள். வாரன்டி ஸ்டிக்கரும் கிழிந்திருந்தது. ஃபார்மட் போட்டுவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் அள்ளினால் பெயர்கள் இப்படித்தான் தொலையும். ஹெட் போன டிஸ்க், அதே டிஸ்காக நன்றாக ஓடித் திரும்பி வராது. பொய் அங்கேயே உடைந்துவிட்டது.

ஸ்லீப்பில் யூஎஸ்பி போர்ட்டின் மின்சாரம் குறையும், அல்லது நின்றே போகும். எழும்போது 2.5 இஞ்ச் டிஸ்கின் தட்டு சுழலத் தொடங்க 1 ஆம்பியர் வரை கேட்கும். யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. கேபிள் நைந்திருந்தாலோ அடாப்டர் இல்லாத ஹப் நடுவில் இருந்தாலோ, தட்டு சுழலப் பார்த்து நின்று, மறுபடி முயலும். அந்த ‘டிக் டிக்’ சத்தத்தைக் காட்டித்தான் ஹெட் கதை விடுகிறார்கள்.

முதலில் குட்டைக் கேபிள் போட்டு, லேப்டாப்பின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். அப்போதும் டிக் டிக் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். அது நிஜமான கோளாறாக இருக்கலாம். சத்தம் இல்லையென்றால், டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்கத் தடுமாறும் பகுதிகள்), சி6 (படிக்கவே முடியாத பகுதிகள்) மூன்றின் ‘ரா’ மதிப்பையும் பாருங்கள். மூன்றும் பூஜ்யம் என்றால் தட்டைச் சந்தேகிக்கப் பெரிய காரணமில்லை. சி5 ஏறிக்கொண்டே போனால் முதலில் காப்பி எடுங்கள். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்கை (chkdsk) அதற்கு முன் ஓடவிடவே கூடாது.

விண்டோஸில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவில் 157 என்ற எண் இருந்தால் டிஸ்க் திடீரென இணைப்பு அறுந்தது என்று பொருள். 7 என்றால் பேட் பிளாக், அதாவது தட்டில் கெட்டுப்போன பகுதி. 157 மட்டும் வந்தால், பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்க அனுமதிக்கும் டிக் குறியையும் எடுங்கள். 3.5 இஞ்ச் டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், ‘ஃபார்மட் செய்யக்கூடாது’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். “கழற்றி வேற பெட்டியில போட்டாப் படிக்கும்” என்பவரிடம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மைபாஸ்போர்ட் டிஸ்கைக் கொடுக்காதீர்கள்: பல மாடல்களில் யூஎஸ்பி போர்ட் டிஸ்கின் போர்டிலேயே இருக்கிறது, தரவும் அந்தப் போர்டிலேயே என்கிரிப்ட் (பூட்டிய குறியீடாக மாற்றம்) ஆகியிருக்கும்.