எங்களுக்குச் செயலி எழுதிய குழு: ஒரு மதிப்பீடு

ஆர்டர்களையும் கையிருப்பையும் ஒரே இடத்தில் பார்க்க உதவும் செயலியை எங்கள் சிறு நிறுவனத்துக்கு உருவாக்கித் தந்த மென்பொருள் குழுவைப் பற்றிய மதிப்பீடு இது. கட்டணத்தில் அவர்கள் மலிவானவர்கள் அல்லர். ஆயினும், கடைசியாக மிஞ்சிய ஒரு பொருளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்க முயன்றால் யாருடைய ஆர்டர் செல்லும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டவர்கள் அவர்கள் மட்டுமே.

செயலியின் மூலநிரல், அதாவது அதற்காக எழுதப்பட்ட நிரல் வரிகள், தொடக்கத்திலிருந்தே கிட்ஹப் என்னும் நிரல் சேமிப்புத் தளத்தில் எங்கள் கணக்கில் சேர்ந்தது. டொமைன் என்னும் இணைய முகவரிப் பெயரும் எங்கள் பெயரிலேயே பதிவானது. வெளியாள் எழுதும் நிரலின் பதிப்புரிமை, எழுத்துப்பூர்வமாக மாற்றித் தரப்படாவிட்டால், பல நாடுகளில் எழுதியவரிடமே தங்கிவிடும் என்பதால், அந்த மாற்றத்தை ஒப்பந்தத்தில் அவர்களே முன்வந்து சேர்த்தது பாராட்டுக்குரியது. பணத்தையும் கட்டம் கட்டமாகவே பெற்றார்கள்.

நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானாகவே சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைகளில்தான் கஞ்சத்தனம். பில் போடும் பகுதிக்கு மட்டும் அவற்றை எழுதிவிட்டுக் கையிருப்புப் பகுதியை அப்படியே விட்டிருந்ததால், பின்னர் செய்த ஒரு சிறு திருத்தத்துக்குப் பிறகு, ரத்தான ஆர்டர்களின் பொருள்கள் இருப்பில் திரும்பச் சேராமல் போயின. சொன்னவுடன் சரிசெய்தார்கள் என்றாலும், இத்தகைய பிழைத்திருத்தம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா என்பதை அவர்கள் இன்னும் தெளிவாக எழுதித் தரவில்லை.