கிட்ட மேல்வீடா, தள்ளி வளவு வீடா, இல்லாட்டி யாழ்ப்பாணத்தில இருந்து தினம் ஓட்டமா?

வன்னியில, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புதுசா அப்பொயின்ட்மென்ட் கிடைக்கிற ஆக்கள் முதல் கேக்கிற கேள்வி எங்க இருந்து போய் வாறது எண்டுதான். யாழ்ப்பாணத்தில அம்மா வீட்டில இருந்து தினமும் பஸ் ஏறுறதா, டவுணுக்குள்ள கடைக்கு மேல ஒரு மேல்வீடோ, வீட்டுக்காரர் பின்னுக்கு இறக்கித் தாற அனெக்ஸோ வாடகைக்கு எடுக்கிறதா, இல்லாட்டி உள்ளுக்க கொஞ்சம் தள்ளி வளவும் கிணறுமா ஒரு வீட்டைப் பிடிச்சு மோட்டச்சைக்கிளில ஓடுறதா. கனபேர் வாடகையை மட்டும் பாத்து முடிவெடுத்திட்டு பிறகு உடம்பு முறிஞ்சு ட்ரான்ஸ்பர் கேட்டு எழுதிக்கொண்டு திரியினம், அதைப் பாக்கக் கவலையாக் கிடக்கு, அதாலதான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல் யாழ்ப்பாண ஓட்டம். யாழ்ப்பாணத்தில இருந்து கிளிநொச்சி 65 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், யாழ்ப்பாணம் - கண்டிப் பெரிய ரோட்டான ஏ9 நல்ல ரோட், பஸ் ஒண்டரை மணித்தியாலத்தில கொண்டுவந்து விட்டிடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. வாடகை இல்லை, சமைச்சுத் தர அம்மா இருக்கிறா, பிள்ளையளைப் பாக்க ஆள் இருக்கு, பள்ளிக்கூடம் டியூசன் எல்லாம் கிட்ட. ஆனா ஒண்டரை மணித்தியாலம் எண்டது பஸ் ஏறினதில இருந்து இறங்கிற வரைக்கும் மட்டும்தான், வீட்டு வாசலில இருந்து வேலை இடத்து மேசை வரைக்கும் கணக்குப் போட்டா போக ரெண்டு மணித்தியாலம் வர ரெண்டு மணித்தியாலம், அதுவும் பின்னேரம் கிளிநொச்சியில ஏறினா இருக்க சீற் கிடைக்காது, வவுனியாவில இருந்து வாற பஸ் ஏற்கனவே நிறைஞ்சுதான் வரும், ஆனையிறவு தாண்டி கொடிகாமத்தில ஆக்கள் இறங்கேக்கதான் கால் ஆறும்.

ரெயின் இருக்கே எண்டு சிலபேர் கேப்பினம். உண்மைதான், 1990ல நிண்டுபோன பாதை 2013 செப்ரெம்பரில கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது எங்கட சனத்துக்குப் பெரிய விசயம், சீசன் ரிக்கெற் எடுத்தா பஸ்ஸை விட மலிவு. எண்டாலும் அது தூரப் பயணத்துக்கு எண்டு ஓடுற ரெயின், உங்கட வேலை நேரத்துக்கு எண்டு ஓடுறதில்லை. உங்கட நேரத்துக்கு ஒத்துவந்து, ஸ்டேசனில இருந்து வேலை இடம் நடை தூரத்தில இருந்தா யோசிக்கலாம். இல்லாட்டி விடுங்கோ.

டீச்சர்மாரின்ர பாடு இன்னும் மோசம். துணுக்காய்க் கல்வி வலயத்துக்கு யாழ்ப்பாணத்தில இருந்து போறவை சேர்ந்து வான் பிடிச்சுத்தான் போகினம், 7.30க்கு பெல் அடிக்கும், அதுக்கு முன்னம் போய் நிக்க வேணும் எண்டா விடிய நாலு மணிக்கு எழும்பி சோறு காய்ச்சி நாலு பேருக்குப் பார்சல் கட்டி வைச்சிட்டு ஓட வேணும். வானில ஒராள் பிந்தினா எல்லாருக்கும் லேட், ஒராளுக்கு ட்ரான்ஸ்பர் வந்தா மற்றவையின்ர பங்கு கூடும், ட்ரைவருக்குக் காய்ச்சல் எண்டா அண்டைக்கு எல்லாருக்கும் லீவு. பின்னேரம் வந்து சேரேக்க பிள்ளை டியூசனுக்குப் போயிடும், ராத்திரி அது புத்தகத்தைக் கொண்டுவந்தா தாய் தூங்கி விழுவா. இப்பிடி அஞ்சாறு வருசம் கஷ்டப் பிரதேச சேவை முடிக்கிறவை இருக்கினம், அவையின்ர பொறுமையை நான் மதிக்கிறன், ஆனா மிச்சம் பிடிச்ச வாடகைக் காசு அதுக்கு ஈடே இல்லை.

இந்தக் கணக்கில எல்லாரும் விடுற ஒரு விசயம் இருக்கு. வன்னியில தூரத்தை ஏ9ஐ வைச்சு அளக்கக் கூடாது. ஏ9ல அம்பது கிலோமீட்டர் போறது லேசு, எந்த நேரமும் பஸ் இருக்கு, சந்தியில இறங்கி உள்ள போற பத்து கிலோமீட்டர்தான் உயிரை எடுக்கும். மாங்குளத்தில இறங்கி மல்லாவிக்கோ, முறிகண்டியில இறங்கி அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமோ போறவையைக் கேட்டுப் பாருங்கோ. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சானும் வாங்கித் திண்டு முடிச்சாப் பிறகும் உள்ள போற பஸ் வராது, வந்தா அது கடைசிப் பஸ்ஸா இருக்கும். அதால வேலை இடம் ஏ9 கரையில எண்டா ஒரு கணக்கு, உள்ளுக்க எண்டா வேற கணக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர அறிவியல்நகர் வளாகம் மாதிரி ரோட்டோட இருக்கிற இடத்துக்கு எங்க இருந்தும் போய் வரலாம், உள்ளுக்க இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அப்பிடிச் சொல்ல ஏலாது.

இனி டவுண் மேல்வீடு. கொழும்பு வெள்ளவத்தையில இருக்கிற மாதிரி பிளட் கிளிநொச்சியில தேடாதேங்கோ, அதுக்குக் கிட்ட வாறது கடைக்கு மேல கட்டின மேல்வீடும் வீட்டுக்காரர் பின்னுக்கு இறக்கித் தாற அனெக்ஸும்தான். இதில இருக்கிற சுகம் நேரம். டிப்போச் சந்தியிலயோ கரடிப்போக்கிலயோ இருந்தா ஒப்பீசுக்கு நடந்தே போகலாம், மத்தியானம் வந்து சுடச்சுடச் சாப்பிடலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா பத்து நிமிசத்தில ஆஸ்பத்திரி. நாலே காலுக்கு வேலை முடிஞ்சா நாலரைக்கு வீட்டில தேத்தண்ணி, பொழுது படேக்க புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் பிள்ளையோட இருப்பினம். இதை லேசாச் சொல்லிட்டுப் போக ஏலாது, ஒரு குடும்பத்துக்குப் பெரிய சொத்து அது.

ஆனா வெக்கை. ஆடி ஆவணியில மேல இருக்கிற கொங்கிறீற் தட்டு பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டு நிக்கும், பைப்பைத் திறந்தா தண்ணியும் கொதிக்கும், பான் சுடு காத்தைத்தான் சுத்தும். மோட்டர் போடுற சுவிச் கீழ வீட்டுக்காரரிட்ட, அவை கோயிலுக்குப் போனா நீங்கள் வாளியோட நிக்க வேணும். உடுப்புக் காயப்போட ஒரு கொடி, விளையாட ஒரு விறாந்தை, மூண்டு வயசுப் பிள்ளை அதில சைக்கிள் ஓடினா கீழ இருந்து ஆள் வரும். வன்னிச் சனம் மண்ணில கால் வைச்சு வளந்த சனம், படலையைத் திறந்தா ஒரு முற்றம் வேணும் எங்களுக்கு. மேல்வீட்டில இருக்கிற வயசான ஆக்களைப் பாத்தா விளங்கும், படி இறங்க ஏலாமல் ஜன்னலடியிலயே இருப்பினம்.

அடுத்தது தள்ளி வளவு வீடு. வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, அக்கராயன் எண்டு எங்க போனாலும் அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வளவு, கட்டுக்கிணறு, நாலு தென்னை, ஒரு முருங்கை, வேப்பமரத்துக்குக் கீழ ஒரு கதிரை. வாடகைக்கு எண்டாலும் டவுணில ரெண்டு அறைக்குக் குடுக்கிற காசுக்கு இஞ்ச முழு வீடு கிடைக்கும். கோழி வளக்கலாம், கத்தரி மிளகாய் வைக்கலாம், தேங்காய் காசுக்கு வாங்கத் தேவையில்லை. மாமா மாமி வந்தா வெளிய இருந்து கதைக்க இடம் இருக்கு.

இதின்ர விலை பின்னேரம்தான் தெரியும். ஆறரைக்குப் பிறகு உள் ரோட்டில லைட் இல்லை. ஏ9ல மாடுகள் தார் ரோட்டில ஏறிப் படுத்திருக்கும், முன்னுக்கு வாற லொறியின்ர லைட் கண்ணில அடிச்சா கறுத்த மாடு கிடக்கிறதே தெரியாது, கிட்டப் போனாப் பிறகுதான் கண் மட்டும் மினுங்கும். காட்டுக் கரையோட இருக்கிற ஊர் எண்டா யானை வேற, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் பொழுது பட்டா ஆக்கள் வெளிக்கிடவே யோசிப்பினம். மாரியில குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா ரோட்டுக்கு மேலால தண்ணி போகும், 2018 டிசம்பர் வெள்ளத்தில இரணைமடுக் குளத்தின்ர கதவு திறந்தாப் பிறகு கிளிநொச்சி பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வீடு மேட்டில இருந்தாலும் போற பாதை பள்ளத்தில எண்டா பிரயோசனம் இல்லை.

எண்டாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் 65 கிலோமீட்டரையும் ஒரே மாதிரி "தூரம்" எண்டு சொல்லாதேங்கோ. 2022 பெற்றோல் பஞ்சத்தை யோசிச்சுப் பாருங்கோ, லீற்றர் 470 ரூபா வரைக்கும் போய், கியூஆர் கோட் வைச்சுப் பங்கிட்டுக் குடுக்கிற முறை வந்தாப் பிறகு மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் முதல் தந்தவை. லீற்றருக்கு 40 கிலோமீட்டர் எண்டு வைச்சா அது 160 கிலோமீட்டர். ஒரு பக்கம் 12 கிலோமீட்டர் ஓடுறவருக்கு அஞ்சு நாளும் வேலைக்குப் போய் மிச்சமும் இருக்கும், யாழ்ப்பாணத்தில இருந்து ஓடுறவருக்கு ரெண்டாம் நாளே முடிஞ்சிடும். அப்பிடிக் காலம் திரும்ப வராது எண்டு நான் நம்பி இருக்கமாட்டன்.

என்ர முடிவு இதுதான். வேலை இடத்துக்கு அரை மணித்தியாலத்துக்குள்ள, பஸ் ஓடுற ரோட்டில இருந்து நடக்கிற தூரத்தில ஒரு வளவு வீடு கிடைச்சா, மேல்வீட்டையும் யாழ்ப்பாண ஓட்டத்தையும் விட்டிட்டு அதை எடுங்கோ. பிள்ளை ஓஎல், ஏஎல் வகுப்பில எண்டா மட்டும் ரெண்டு வருசத்துக்கு டவுண் மேல்வீடு, டியூசன் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்குப் பொம்பிளைப்பிள்ளையை உள் ரோட்டால கூட்டிக்கொண்டு போற பயம் எந்த முற்றத்தாலயும் தீராது. ரெண்டு பேரும் வேலை எண்டா ஆருக்குப் பாதை மோசமோ அவையின்ர பக்கமா வீட்டைப் பாருங்கோ. எங்கட ஆக்கள் ஆம்பிளையின்ர ஒப்பீசுக்குக் கிட்ட வீடெடுத்திட்டு பெண்சாதியை ரெண்டு பஸ் மாறி உள்ளுக்க அனுப்பினம், அவவுக்குத்தான் வீட்டு வேலையும் கிடக்கு, இது பெரிய அநியாயம்.

வாங்கிற எண்ணம் இருந்தா இன்னொண்டு. உள்ளுக்க கனக்கக் காணி அரசாங்கம் பெர்மிட்டில தந்த காணி, பிரதேச செயலகத்தின்ர சம்மதம் இல்லாமல் விக்கவோ வாங்கவோ ஏலாது, வெறும் கையெழுத்துக் கடிதத்தை நம்பிக் காசு குடுத்து வீட்டையும் கட்டினவை இருக்கினம். உறுதிக் காணியா பெர்மிட் காணியா எண்டு முதலில கேளுங்கோ. ஏற்கனவே தாய் தகப்பன்ர பெர்மிட் காணி இருக்கிறவை டவுணுக்கு மாறினாலும் அதைக் காடு பத்த விடாதேங்கோ, குடியிருந்து செய்கை பண்ண வேணும் எண்ட நிபந்தனையிலதான் அது தந்தது, விட்டுப்போட்டா ரத்துப் பண்ண இடமிருக்கு. வீட்டைப் பாக்கப் போறதை மாரி காலத்தில, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ, அதுவும் கார் பிடிச்சு இல்லை, நீங்கள் தினம் ஓடப்போற அதே மோட்டச்சைக்கிளில.