சதவீதத்தை விட நேர்காணல் பெறுமதியானது: மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழக ஆலோசனைச் சேவை

மட்டக்களப்பு திருமலை வீதியிலுள்ள ஒரு தனியார் கல்வி ஆலோசனை நிலையம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் வாய்ப்பை மதிப்பிட்டுத் தருகிறது. கணிதப் பிரிவில் படிக்கும் என் மகளுக்காக அச்சேவையைப் பெற்றேன். 15,000 ரூபாய்க் கட்டணத்துக்கு ஒரு நீண்ட நேர்காணலும் எழுத்து மூலமான ஓர் அறிக்கையும் கிடைத்தன. நேர்காணல் கொடுத்த காசுக்கு மேலாகவே பயன் தந்தது. அறிக்கையை அப்படிச் சொல்ல முடியாது.

அறிக்கையில் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதவீதம். ஹார்வர்டுக்கு 11 என்று போட்டிருந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து அங்கே விண்ணப்பிப்பவர்களில் அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் அனுமதி பெறுகிறார்கள். கணித்த முறையைக் கேட்டபோது, பாடசாலைப் பெறுபேற்றையும் அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்ஏடி பரீட்சையில் எதிர்பார்க்கும் புள்ளியையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மொத்த அனுமதி வீதத்தோடு சேர்த்துப் பார்ப்பதாக விளக்கினார்கள். அந்த மொத்த வீதத்துக்குள் அமெரிக்க மாணவர்களும் அடக்கம் என்பதையும், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, பாடசாலைக்கு வெளியே செய்தவை ஆகியவற்றை ஒரு குழு இருந்து வாசித்துத்தான் முடிவெடுக்கிறது என்பதையும் அந்தக் கணக்கு கருத்தில் கொள்ளவேயில்லை.

இலக்கத்தைக் கண்டால் நம்பிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. இங்கே உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி வந்ததும், கடந்த ஆண்டு மட்டக்களப்புக்கு அல்லது அம்பாறைக்கு விழுந்த வெட்டுப்புள்ளியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொறியியல் கிடைக்குமா, இல்லையா என்பது ஓரளவு தெரிந்துவிடும். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் நமது இரு மாவட்டங்களும் உள்ளடங்கிய பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. விதி வெளியே தெரிவதால் கணக்கும் பொருந்துகிறது. அமெரிக்காவின் தெரிவு அப்படிப்பட்டதன்று; அங்கே வெட்டுப்புள்ளியே இல்லை. ஆகவே 11 என்று எழுதித் தந்தால், அதை ஒரு வெட்டுப்புள்ளி போல வாசிக்கும் பெற்றோர் அதன்மீது பெரிய திட்டங்களைக் கட்டிவிடுவார்கள் என்பதே என் கவலை.

இதைவிடப் பெரிய குறை பணத்தைப் பற்றியது. உதவித்தொகை கேட்கும் வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தை, அவருடைய பணத்தேவையைப் பாராமல் தீர்மானிக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் மிகச் சிலவே: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் போன்றவை. ஏனைய பெரும்பாலான இடங்களில், முழு உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். கல்குடாவிலோ கல்முனையிலோ இருந்து விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளைக்குப் பெறுபேற்றுக்கு அடுத்ததாக முதலில் பார்க்க வேண்டியது இதுதான். அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. ஓர் இடத்துக்கு எழுபது, எண்பது டொலர் என்பது நம்மவர்களுக்குச் சிறிய தொகையன்று.

இனி நேர்காணலுக்கு வருகிறேன். அதை நடத்திய ஆலோசகர் இளைஞர். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் பொதுவிண்ணப்பத்தில் (Common App) பாடசாலைக்கு வெளியே செய்த பத்து விடயங்களைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளுக்குள் மட்டுமே இடம். மகள் மாணவத் தலைவி, விவாதக் குழு, தமிழ்த்தினப் போட்டி என்று சொல்லிக்கொண்டு போனாள். அவர் பேனையை வைத்துவிட்டு, "பாடசாலை விட்டா வீட்டில என்ன செய்வீங்க, தங்கச்சி?" என்று கேட்டார். வாழைச்சேனையில் தகப்பனின் மீன்வாடிக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தான்தான் எழுதுவதாகவும், எண்ணெய்க் காசு, ஐஸ் காசு, ஆட்களின் பங்கு எல்லாம் பிரித்துப் போடுவதாகவும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, அடுத்த சந்திப்பில் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மீன் விலை விழுந்த மாதங்களை அவள் சிவப்பு மையில் தனியாகக் குறித்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். பட்டியலில் முதலிடத்துக்கு அதுவே வந்தது. சம்பளச் சிட்டையோ வருமான வரிக் கோப்போ இல்லாத எங்கள் குடும்பத்தின் வருமானத்தை உதவித்தொகைப் படிவத்தில் விளக்குவதற்கும் அதே கொப்பிதான் கைகொடுத்தது.

பாடசாலைத் தரப்பு ஆவணங்களிலும் அவர்கள் நன்றாக உதவினார்கள். உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன்பே விண்ணப்ப முடிவுத் திகதி வந்துவிடுவதால் எதிர்பார்க்கப்படும் பெறுபேற்றை அதிபர் எழுதித் தரவேண்டும். தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் பலருக்கு இது பழக்கமில்லை. என்ன எழுதவேண்டும் என்று ஒரு மாதிரிக் கடிதம் தந்தார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வெளிநாட்டவருக்கான அனுமதி வீதம் தனியாகக் காட்டப்படுமா, உதவித்தொகைக் கொள்கை பல்கலைக்கழக வாரியாக எழுதித் தரப்படுமா? நான் கேட்ட பிறகு, அறிக்கையை மேலதிகக் கட்டணமின்றித் திருத்தித் தந்தார்கள். அதில் சதவீதங்கள் இல்லை, பெயர்களும் பாதியாகக் குறைந்திருந்தன. அந்தப் பட்டியலை வைத்துத்தான் மகள் இப்போது விண்ணப்பங்களை நிரப்புகிறாள்.