ஸ்பானிஷ்ல "இல்ல, தெரியாது, வேணாம்" சொல்லித்தர்ற ஒரு ஆப் கோர்ஸ், என் ரிவ்யூ

போன் ஆப்ல காசு கட்டி ஒரு ஸ்பானிஷ் பிகினர் கோர்ஸ் பண்ணிட்டு இருக்கேன். குறையும் சொல்லப்போறதால ஆப் பேர விட்டுடறேன். முழு கோர்ஸ பத்தி எழுதினா நீளமா போயிடும், அதனால நெகட்டிவ் வாக்கியத்துக்கான யூனிட் மட்டும். ஒரு கோர்ஸ வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண இந்த ஒரு யூனிட்ட திறந்து பாத்தாலே போதும்னு நினைக்கிறேன், ஏன்னா புதுசா ஒரு மொழி பேச ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல்ல தேவைப்படறதே "தெரியாது, புரியல, வேணாம்" தான்.

ஆரம்பம் அருமை. "ஆப்லோ"ன்னா பேசுறேன், முன்னாடி ஒரு "நோ" போட்டு "நோ ஆப்லோ"ன்னா பேசறதில்ல, அவ்ளோதான். இங்கிலீஷ்ல டூ, டஸ்னு உதவிக்கு ஒண்ண கூப்பிடற வேலையே கிடையாது. இத ஒரே ஸ்க்ரீன்ல முடிச்சிட்டு நேரா "நோ" எங்க உக்காரணும்ங்கிறதுக்கு போயிடறாங்க, இத பல கோர்ஸ்ல ஒரு வரியில தாண்டிடுவாங்க. "நோ லோ சே"ன்னா அது தெரியாது, "நோ மே குஸ்தா"ன்னா எனக்கு பிடிக்கல. லோ, மே மாதிரி குட்டி வார்த்தைங்க வெர்ப்புக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வரும், "நோ" அதுக்கும் முன்னாடி வரணும். "நோ ஏ கொமிதோ", நான் சாப்பிடல, இதுல ஏ-க்கும் கொமிதோவுக்கும் நடுவுல எதையும் நுழைக்கக்கூடாது. வார்த்தைய இழுத்து வரிசைப்படுத்தற பயிற்சி இங்க நிறைய இருக்கு, தமிழ்ல மறுப்பு வாக்கியத்தோட கடைசியில வரும், ஸ்பானிஷ்ல முன்னாடியே வந்துடும், அந்தப் பழக்கம் மாற இந்தப் பயிற்சி ரொம்ப உதவுது.

அடுத்து நாதா, நாதியே, நுன்கா. ஒண்ணும், யாரும், எப்பவும், இதெல்லாம் மறுப்போட வர்ற மாதிரி. இங்கதான் எனக்கு கோர்ஸ் மேல வருத்தம். "நோ கியேரோ நாதா"ன்னு ரெண்டு நெகட்டிவ் சேந்து வர்றத ஏதோ பெரிய விசித்திரம் மாதிரி எச்சரிக்கை பெட்டி போட்டு விளக்கறாங்க. அது இங்கிலீஷ் வழியா யோசிக்கிறவங்களுக்கான பயம். நாம "எனக்கு ஒண்ணும் வேணாம்"னு தான சொல்றோம், ஒண்ணும்னு சொல்லிட்டு வேணாம்ங்கிறத விடறதில்லையே. இன்னும் பாருங்க, "நோ சே நாதா"ன்னா ஒண்ணும் தெரியாது, ஆனா ஆள பத்தி பேசும்போது "நோ கோனோஸ்கோ ஆ நாதியே", நடுவுல ஒரு "ஆ" வருது. தமிழ்லயும் "ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்றவங்க ஆளுக்கு வந்தா "யாரையும் தெரியாது"ன்னு ஐ போட்டுத்தான் சொல்றோம்! "நோ தெங்கோ நிங்குன் லிப்ரோ"லயும் லிப்ரோ ஒருமைதான், "ஒரு புக்கும் இல்ல" மாதிரியே. இந்த நிங்குன் விஷயத்த கோர்ஸ் சரியா விளக்கவே இல்ல, ஆண்பால் பேர்ச்சொல்லுக்கு முன்னாடி நிங்குனோ-ல இருக்க ஓ விழும்னு சொல்றதோட நிறுத்திட்டாங்க.

ஒண்ணு மட்டும் தமிழோட ஒத்துவராது, அத கோர்ஸ் நல்லாவே சொல்லித்தருது. நாதியே வெர்ப்புக்கு பின்னாடி வந்தா "நோ பியேனே நாதியே", முன்னாடி வந்தா "நாதியே பியேனே", அப்போ நோ வேணாம். ரெண்டுக்கும் அர்த்தம் யாரும் வரலைங்கிறதுதான். முன்னாடி நாதியே போட்டும் நோ சேத்தா தப்பு. இதுக்கு ஆடியோ கேட்டு பதில் சொல்ற ரவுண்ட் வச்சிருக்காங்க, கட்டின காசு அதுக்கே தகும். பேசறவங்க குரலும் தெளிவு, நாதா-வுல வர்ற த நம்ம "காது"ல வர்ற த மாதிரியே மென்மையா கேக்குது, உச்சரிப்புக்கு நாம கஷ்டப்படவே வேண்டியதில்ல.

தம்போகோ, அதாவது ஒருத்தர் இல்லன்னு சொன்னா "நானும் இல்ல"ன்னு சேந்து சொல்ற வார்த்தை, அதோட பாடம் சின்னது, ஆனா நல்லா யோசிச்சு பண்ணியிருக்காங்க. ஒருத்தர் "நோ தெங்கோ"ன்னா நீங்க "யோ தம்போகோ", அவர் "நோ மே குஸ்தா"ன்னா நீங்க "ஆ மி தம்போகோ". நானும், எனக்கும்னு நாம பிரிக்கிற அதே இடத்துலதான் அவங்களும் பிரிக்கிறாங்க. "தோதபியா நோ" இன்னும் இல்ல, "யா நோ" இனிமே இல்ல, இத ரெண்டையும் ஒரே உரையாடல்ல போட்டதும் நல்ல ஐடியா.

பெரிய குறை ஒண்ணு இருக்கு. செய்யாதன்னு சொல்றத இந்த லெவல்ல வைக்கவே இல்ல, அடுத்த லெவலுக்கு தனியா காசு கட்டினாத்தான் திறக்குது. "ஆப்லா"ன்னா பேசு, ஆனா பேசாதங்கிறதுக்கு "நோ ஆப்லா" கிடையாது, "நோ ஆப்லெஸ்", வெர்ப்போட வடிவமே மாறும். கோமே சாப்பிடு, நோ கோமாஸ் சாப்பிடாத. பேசு பேசாதன்னு நம்ம மொழியிலயும் வடிவம் மாறத்தான செய்யுது, அதனால இலக்கண விளக்கம் முழுசா குடுக்காட்டியும் ரெண்டு மூணு வாக்கியம் மட்டுமாவது இங்க வச்சிருக்கலாம். கவலப்படாதன்னு சொல்ற "நோ தே ப்ரேஓகுபேஸ்" ஸ்பானிஷ் பேச்சுல அடிக்கடி காதுல விழும், அத புரிஞ்சுக்க பிகினர் ஏன் இன்னொரு தடவ காசு கட்டணும்?